மின்சாரக் காரில் ஏர்கான் குளிரவில்லையா? ‘கேஸ்’ போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். சிங்கப்பூரின் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு உட்லண்ட்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் அம்மா. மத்திய விரைவுச்சாலையில் ஏறிய சிறிது நேரத்திலேயே காற்றில் இருந்த குளிர் குறைந்தது. வீடு நெருங்கும்போது ஏர்கானிலிருந்து அனல்தான் வந்தது. கண்ணாடிகளை இறக்கினோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஒரு பட்டறைக்குப் போனேன். “கேஸ் குறைந்திருக்கும் அண்ணே, போட்டுவிட்டால் சரியாகிவிடும்” என்றார் அங்கிருந்த இளைஞர். ஏர்கானுக்குள் சுற்றிக் குளிர்விக்கும் வாயுவைத்தான் ‘கேஸ்’ என்கிறோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரண்டு வாரம் நன்றாகவே குளிர்ந்தது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. கார் கிளம்பவே மறுத்துவிட்டது. வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரில் இருந்த சிறு கசிவை யாரும் தேடவில்லை. அதைவிட மோசம், சாதாரண கார்களுக்கான எண்ணெய் என் காரின் குளிர்ச் சுற்றுக்குள் போயிருந்தது. கடைசியில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெசர், கண்டென்சர், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. கண்டென்சரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

அதற்குப் பிறகு படித்தும், கேட்டும், பழுதுபார்ப்பவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முதலில் வருபவை பணம் செலவாகாத சோதனைகள். அவற்றை முடிக்காமல் யாரையும் கேஸ் போட விடாதீர்கள்.

இந்த ஏர்கான் எப்படி வேறுபட்டது

பெட்ரோல் காரில் கம்ப்ரெசரை இன்ஜினின் பெல்ட் சுற்றுகிறது. ஏர்கானைப் போட்டதும் ‘டக்’ என்று கிளட்ச் பிடிக்கும் ஓசை கேட்கும்; பழைய மெக்கானிக்குகள் அந்த ஓசையை வைத்தே பாதிப் பழுதைச் சொல்லிவிடுவார்கள். மின்சாரக் காரில் பெல்ட்டும் இல்லை, கிளட்சும் இல்லை. கம்ப்ரெசருக்குள்ளேயே ஒரு மின்மோட்டார் இருக்கிறது. அதை ஓட்டுவது காரின் பெரிய பேட்டரி. பெரும்பாலான கார்களில் அதன் மின்னழுத்தம் 400 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஹியுண்டாய் அயோனிக் 5 போன்றவற்றில் 800 வோல்ட் வகை அமைப்பு.

இன்னொரு வேறுபாடு அதைவிட முக்கியமானது. இப்போது வரும் மின்சாரக் கார்கள் பலவற்றில் பயணிகளைக் குளிர்விக்கும் அதே கேஸ்தான் ‘சில்லர்’ என்ற பகுதி வழியாகப் பேட்டரியையும் குளிர்விக்கிறது. ஏர்கான் பழுதானால் விரைவு மின்னூட்டம் மெதுவாகலாம். நீண்ட ஏற்றத்திலோ கடும் வெயிலிலோ கார் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளலாம். வியர்வையைப் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

சாலையில் நின்றுபோனால்

குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் முதலில் கண்ணாடிகளை இறக்குங்கள், அருகில் நிழலான இடத்தில் நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் மூடிய காரின் உட்புறம் சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவுக்குச் சூடாகிவிடும். காற்று சூடாக வருவதைத் தவிர வேறு எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டிச் செல்லலாம். பேட்டரியின் வெப்பம், மின்கசிவு, உயர்மின்னழுத்தம் ஆகியவற்றைப் பற்றிய எச்சரிக்கை வந்தால் ஓட்டாதீர்கள். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்புக் குழுவினர் அருகில் குறிக்கப்பட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்வார்கள். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுபோக நீங்கள் அழைக்கும் நிறுவனத்திடம் மின்சாரக் கார் என்று சொல்லி, காரை முழுவதுமாக மேலே ஏற்றிச் செல்லும் வண்டியைக் கேளுங்கள். சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டாரும் சுழன்று சேதமாகலாம்.

முதல் படி: பழுதுதானா?

பேட்டரியில் மின்சாரம் மிகக் குறைந்திருந்தால் பல கார்கள் ஏர்கானைத் தாமாகவே கட்டுப்படுத்தும். ‘ஈகோ’ முறையில் ஓட்டினாலும் குளிர் மட்டுப்படும். விரைவு மின்னூட்டத்தின்போது குளிர்ச்சியின் பெரும்பங்கு பேட்டரிக்குப் போவதால் உள்ளே கொஞ்சம் புழுக்கமாக இருப்பது இயல்பு. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருந்தாலும் நம் ஊர் ஈரக்காற்றோடு ஏர்கான் போராடிக்கொண்டே இருக்கும். இந்த நான்கையும் ஒதுக்கிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாவது படி: காரைத் தூங்க வைத்து எழுப்புங்கள்

ஏர்கானை இயக்குவது ஒரு கணினி. காரை அணைத்து, பூட்டி, சாவியைத் தள்ளி எடுத்துச் சென்று, 20 நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். தொலைபேசிச் செயலியையும் அதற்கிடையில் திறக்காதீர்கள். அது காரை எழுப்பிவிடும். மென்பொருள் தடுமாற்றமாக இருந்தால் இதிலேயே தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்து, பிறகு மீண்டும் மீண்டும் வந்தால், தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சிறிய 12 வோல்ட் பேட்டரி. கார் ஓய்வில் இருக்கும்போது ஈய-அமில பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அது தளர்ந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றையொன்று தொடர்புகொள்ள முடியாமல் ஏர்கான் உட்பட எதுவும் பழுதானதுபோல் காட்டலாம். அண்மைய டெஸ்லா கார்களில் இந்தச் சிறிய பேட்டரியும் லித்தியம் வகை. அதில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பதற வேண்டாம்.

மூன்றாவது படி: காற்று வருகிறதா, வருவது குளிர்கிறதா?

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். காற்று பலவீனமாக வந்து, வருகிற கொஞ்சமும் சில்லென்று இருந்தால் கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உட்புற வடிகட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும்; ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். பெரிய மரங்களுக்குக் கீழே திறந்தவெளியில் நிறுத்துபவர்கள் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது. புதியதைப் பொருத்தும்போது அம்புக்குறி காட்டும் திசையைக் கவனியுங்கள்.

அதிக வேகத்தில் மட்டும் காற்று வருகிறது, குறைந்த வேகங்களில் வரவில்லை என்றால் ஊதுவிசிறியின் கட்டுப்பாட்டுப் பகுதியைச் சந்தேகிக்கலாம்.

நான்காவது படி: வெப்பமானி, சொட்டும் நீர், கிலோவாட்

இந்த மூன்றும்தான் இந்த வழிகாட்டியின் உயிர். கடையில் கிடைக்கும் சமையலறை வெப்பமானி ஒன்று போதும். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், நிழலான தளத்தில் காரை நிறுத்துங்கள். மேல்தளம் வேண்டாம்; அங்கே வெயில் கணக்கைக் குழப்பிவிடும். வெப்பநிலையை ஆகக் குறைவாக வையுங்கள், உட்காற்றுச் சுழற்சியைப் போடுங்கள், விசிறியை நடுத்தர வேகத்துக்குச் சற்று மேலே வையுங்கள், கதவுகளை மூடுங்கள். வெப்பமானியின் முனையை நடுக் காற்றுத் துவாரத்துக்குள் செருகி 10 நிமிடம் காத்திருங்கள்.

வெளியே 30, 31 டிகிரி இருக்கும்போது நல்ல நிலையில் உள்ள ஏர்கான் 10 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்கும். 15, 16 டிகிரியில் நின்றுவிட்டால் ஏதோ குறை இருக்கிறது. 25 டிகிரிக்கு மேல் என்றால் குளிர்விப்பே நடக்கவில்லை.

அடுத்தது நீர். நம் தீவில் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். காற்றைக் குளிர்விக்கும் ‘கூலிங் காயில்’ (குழாய்ச்சுருள்) உண்மையாகக் குளிர்ந்தால் அந்த ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து, வடிகுழாய் வழியே காருக்கு அடியில் சொட்டியே ஆக வேண்டும். 15 நிமிடம் ஆகியும் தரை உலர்ந்தே இருக்கிறதா? காயில் குளிரவில்லை என்பதற்கு அது வலுவான சாட்சி. ஒரே விலக்கு, வடிகுழாய் அடைத்திருப்பது. அப்போது முன்பயணியின் காலடி விரிப்பு நனைந்திருக்கும், கையால் அழுத்திப் பாருங்கள். உலர்ந்த நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகப் பேசாது. நமக்கு நம் புழுக்கமே உதவுகிறது.

மூன்றாவதாகத் திரை. ஹியுண்டாய், கியா கார்களில் ஏர்கான் எத்தனை கிலோவாட் எடுக்கிறது என்று தனியாகவே காட்டும். உங்கள் காரில் மின்பயன்பாட்டுப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தனிக் கணக்கு இல்லாவிட்டாலும், நின்ற காரில் ஏர்கானைப் போட்டும் அணைத்தும் மொத்தப் பயன்பாடு மாறுகிறதா என்று கவனிக்கலாம்.

இப்போது இவற்றைச் சேர்த்துப் படியுங்கள். ஏர்கான் முழு வீச்சில் இருக்க வேண்டிய நேரத்தில் 0.2, 0.3 கிலோவாட் மட்டுமே போகிறது, காற்று சூடு, தரையில் நீர் இல்லை: விசிறி மட்டும் சுற்றுகிறது, கம்ப்ரெசர் ஓடவேயில்லை. கேஸ் அழுத்தம் மிகக் குறைந்ததால் கணினியே அதைத் தடுத்திருக்கலாம். அழுத்த உணரி தவறாகச் சொல்லலாம். கம்ப்ரெசருக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் பலகை பழுதாகியிருக்கலாம். மின்காப்பில், அதாவது மின்சாரம் வெளியே கசியாமல் காக்கும் தடுப்பில், பிழை இருக்கலாம். மாறாக, 1.5 கிலோவாட்டுக்கு மேல் தொடர்ந்து போகிறது, ஆனாலும் குளிரவில்லை: கம்ப்ரெசர் உழைக்கிறது, உழைப்பு வீணாகிறது. கேஸ் குறைவு, கண்டென்சரில் வெப்பம் வெளியேறாமை, விரிவு வால்வு (கேஸ் விரிந்து குளிரும் இடம்) அடைப்பு, அல்லது மொத்தக் குளிரையும் பேட்டரி எடுத்துக்கொள்வது ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். இன்னொரு சேர்க்கையும் உண்டு. கிலோவாட் நன்றாகப் போகிறது, நீர் தாராளமாகச் சொட்டுகிறது, ஆனால் துவாரத்தில் காற்று மட்டும் வெதுவெதுப்பு. அப்படியானால் குளிர் பிறக்கிறது, உங்களை வந்து சேரவில்லை. உள்ளே காற்றைத் திருப்பும் மடிப்புக் கதவு சிக்கியிருக்கலாம்.

இந்த மூன்று சோதனைகளின் முடிவுகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் பேசும்போது உங்கள் குரலுக்குத் தனி வலு வரும்.

ஐந்தாவது படி: காரின் முன்பக்கம்

ஏர்கான் ஓடும்போது காரின் முன்னால் நின்று கேளுங்கள். கம்ப்ரெசரின் மெல்லிய ரீங்காரமும் பெரிய விசிறியின் ஓசையும் கேட்க வேண்டும். கண்டென்சரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் உள்ளிருந்து வெப்பம் வெளியே வருகிறது என்று பொருள்.

காற்று புகும் கிராதியில் இலை, பிளாஸ்டிக் பை, பூச்சிகள் அடைத்திருக்கின்றனவா என்று விளக்கடித்துப் பாருங்கள். காரை அணைத்து ஆறவிட்ட பிறகு, மென்மையான நீர்த்தாரையால் கழுவலாம். உயர் அழுத்தப் பீய்ச்சி வேண்டாம், கண்டென்சரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். பல மின்சாரக் கார்களில் கிராதிக்குப் பின்னால் தானாகத் திறந்து மூடும் மடல்கள் உள்ளன. காற்றுத் தடையைக் குறைக்க வைத்தவை அவை. மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் கண்டென்சருக்கு மூச்சுத் திணறும். ஓடும்போது குளிர்ந்து, போக்குவரத்து விளக்கில் நின்றதும் சூடாகிறது என்றால் விசிறியைப் பாருங்கள்.

வேறு சில அறிகுறிகளையும் கவனியுங்கள். புறப்பட்டு அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்து, கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் மறுபடி வருகிறதா? காயிலில் பனி கட்டுகிறது. அழுக்கு வடிகட்டியோ வெப்ப உணரியோ காரணமாக இருக்கலாம். ஓட்டுநர் பக்கம் ஒரு குளிர், பயணி பக்கம் வேறு குளிர் என்றால் மடிப்புக் கதவு, அல்லது கேஸ் குறைவு. புளித்த வாடை மட்டும் என்றால் காயிலில் பூஞ்சை; சேருமிடத்துக்குச் சில நிமிடம் முன்பே கம்ப்ரெசரை அணைத்து வெறும் விசிறியை ஓடவிட்டுக் காயிலை உலர்த்தும் பழக்கம் அதைத் தடுக்கும்.

நாம் கை வைக்கக்கூடாத இடம்

முன்மூடிக்குக் கீழே ஆரஞ்சு நிற உறையில் வரும் கம்பிகள் எல்லாம் உயர்மின்னழுத்தக் கம்பிகள். கம்ப்ரெசருக்குப் போவதும் அதே நிறம். கார் அணைந்திருந்தாலும் மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்சாரம் தங்கும். மின்சாரத்தைத் துண்டித்து, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் கையுறையோடு, மின்னழுத்தம் பூஜ்யம் என்று அளந்து உறுதிசெய்த பிறகே பயிற்சி பெற்றவர் அதைத் தொடுவார். நெஸ் எனப்படும் மின்வாகனப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர்கள் இங்கே இருக்கிறார்கள். பட்டறையில் தயங்காமல் கேளுங்கள்.

கேஸ் குழாய்களையும் நீங்களாகத் திறக்காதீர்கள். புதிய கார்களில் இருக்கும் ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது. கேஸ் எதுவானாலும் பீறிட்டுத் தோலில் பட்டால் பனிப்புண் வரும்.

பட்டறையில்: எண்ணெய்தான் முதல் கேள்வி

கேஸோடு சேர்ந்து கம்ப்ரெசருக்குள் எண்ணெயும் சுற்றுகிறது. பெல்ட் வைத்த கார்களில் பெரும்பாலும் பிஏஜி வகை எண்ணெய். மின்கம்ப்ரெசர்களில் பெரும்பாலும் பிஓஇ வகை. மின்சாரக் காரில் இந்த எண்ணெய் உயர்மின்னழுத்த மோட்டாரின் கம்பிச்சுருளை நனைத்துக்கொண்டே ஓடுகிறது. அதனால் அது மின்சாரத்தைக் கடத்தாமல் இருக்க வேண்டும். பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு குறையும். கார் அதை மின்கசிவு என்று உணர்ந்து கிளம்ப மறுக்கும். என் காரில் வந்தது பி0ஏஏ6 என்ற பிழைக்குறி. உயர்மின்னழுத்தச் சுற்றின் மின்காப்பு போய்விட்டது என்பது அதன் பொருள்.

யாரும் வேண்டுமென்றே தவறான எண்ணெயை ஊற்றத் தேவையில்லை. நாள் முழுவதும் பெட்ரோல் கார்களுக்குப் பயன்பட்ட கேஸ் இயந்திரத்தின் குழாய்களில் ஒட்டியிருக்கும் எண்ணெயே போதும். ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் கேளுங்கள்: “மின்சாரக் கார்களுக்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கிறீர்களா? குழாய்களைச் சுத்தம் செய்த பிறகுதான் இணைப்பீர்களா? என் காருக்கு எந்த எண்ணெய்?” பதில் தெளிவாக வரவில்லையென்றால் வேறு பட்டறைக்குப் போவதே நல்லது. சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

அடுத்து அழுத்தம். அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டி “7 பார் இருக்கிறது, கேஸ் சரியாக உள்ளது” என்று சொன்னால் ஏற்காதீர்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஓய்வில் இருக்கும் சுற்றில், உள்ளே துளியளவாவது திரவம் மிஞ்சியிருக்கும் வரை, கேஜ் சுமார் 7 பார் காட்டிக்கொண்டுதான் இருக்கும். பாதி கேஸ் போயிருந்தாலும் அதே எண்தான். எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரே வழி, முழுவதையும் இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்து எடை போடுவது. முன்மூடியின் கீழ் ஒட்டப்பட்ட தாளில் எத்தனை கிராம், எந்தக் கேஸ் என்று இருக்கும். எடுத்த அளவையும் அந்த அளவையும் ஒப்பிட்டால் கசிவின் தீவிரம் தெரிந்துவிடும்.

குறைந்திருந்தால் கேஸ் எங்கோ வெளியேறுகிறது. பெட்ரோல் கார்களில் கம்ப்ரெசரின் சுழல்தண்டு வழியாகக் கொஞ்சம் கசிவது உண்டு. மின்கம்ப்ரெசர் முழுவதும் மூடப்பட்டது, அந்த வழியே கிடையாது. எனவே கசிவைத் தேடச் சொல்லுங்கள்: நைட்ரஜன் நிரப்பி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது, மோப்பக் கருவியால் இணைப்புகளைத் தடவுவது. ஒளிரும் சாயம் ஊற்றுவது தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும். கல்லடிபட்ட கண்டென்சர், குழாய் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம், இந்த இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்வேன்.

பழுதை நீக்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் வெற்றிடமாக்க வேண்டும். பிஓஇ எண்ணெய் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். நம் காற்றில் குழாய்களைத் திறந்தே போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற பட்டறை உங்கள் புதிய கம்ப்ரெசருக்கே தீங்கு செய்கிறது. கழற்றிய உடனே மூடியிட வேண்டும். ஆர்-1234ஒய்எஃப் விலை அதிகம் என்பதற்காக ஆர்-134ஏ என்ற வேறு கேஸை நிரப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

உத்தரவாதமும் உரிமையும்

கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், முதல் நான்கு படிகளை முடித்துவிட்டு நேரே முகவரிடம் போங்கள். வெளிப் பட்டறையில் பராமரித்ததாலேயே உத்தரவாதம் போய்விடும் என்று யாராவது மிரட்டினால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதை அடுத்து, அப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை முக்கிய கார் முகவர்கள் 2017இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் வெளிப் பட்டறை செய்த தவறால் நேர்ந்த சேதத்துக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். அதனால்தான் எண்ணெய் விஷயத்தில் இத்தனை கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன்.

வாங்கிய 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். பழைய கார்களுக்கும் அது பொருந்தும், காரின் வயதும் தேய்மானமும் கணக்கில் எடுக்கப்படும். விற்றவர் செவிசாய்க்காவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

காரைத் திரும்ப எடுக்கும்போது

பற்றுச்சீட்டில் நான்கு விவரங்கள் எழுதியிருக்க வேண்டும்: வெளியே எடுத்த கேஸ் எத்தனை கிராம், நிரப்பியது எத்தனை கிராம், எந்த எண்ணெய் எவ்வளவு, கசிவு எங்கே இருந்தது. மின்காப்பு அளவீட்டையும் பிழைக்குறிகள் நீங்கியதையும் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு அதே கார் நிறுத்துமிடம், அதே தளம், அதே வெப்பமானி. என் கார் திரும்பி வந்த மாலையில் 10ஆவது நிமிடத்தில் 8 டிகிரி காட்டியது. குனிந்து பார்த்தேன், காருக்கு அடியில் நீர் சொட்டித் தரை நனைந்திருந்தது. ஒரு மாதம் கழித்தும் அதே எண் வருகிறதா என்று பார்க்க நாட்காட்டியில் தேதி குறித்து வைத்தேன். வந்தது. அடுத்த சனிக்கிழமை அம்மாவை மறுபடியும் தேக்காவுக்கு அழைத்துச் சென்றேன்.